நோய் வருமுன் செலவிடும் பணம்: கிள்ளான் வடிகால்கள் சொல்லும் கணக்கு

ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் தாக்கல் செய்யப்படும்போது, சுகாதார அமைச்சுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பது தலைப்புச் செய்தியாகிறது. 2025-ஆம் ஆண்டுக்கான ஒதுக்கீடு 45.3 பில்லியன் ரிங்கிட். புதிய மருத்துவமனை எங்கே வரும், எத்தனை மருத்துவர்களுக்கு நிரந்தர வேலை கிடைக்கும், அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியல் குறையுமா என்பதே அதையொட்டிய பேச்சாக இருக்கும்.

கால்வாயைத் துப்புரவு செய்யும் ஆட்களுக்கு எவ்வளவு, வீடு வீடாகக் கொசுப்புழு தேடும் சுகாதார ஊழியருக்கு எவ்வளவு, காசநோயாளி மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாரா என்று பார்க்கும் தாதிக்கு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. தொற்றுநோய் ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் இந்தச் சிறு செலவுகளைப் பொறுத்தே அமைகிறது. இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. மலேசியாவின் வரலாற்றில், குறிப்பாகத் தோட்டங்களின் வரலாற்றில், தெளிவான சான்று இருக்கிறது.

கிள்ளானில் நடந்தது

1901-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்ற இளம் ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளான் மாவட்ட மருத்துவ அதிகாரியாகப் பொறுப்பேற்றார். அப்போது கிள்ளான் ஏறக்குறைய 4,000 பேர் வாழ்ந்த சிறு பட்டணம். சுற்றிலும் சதுப்பு நிலமும் காடும். அதே ஆண்டு செப்டம்பரில், இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே துறைமுகத்தில் வேலை செய்தவர்கள் குளிர்காய்ச்சலில் வரிசையாக விழுந்தார்கள். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது.

மலேரியாவைப் பரப்புவது அனோபிலிஸ் கொசு என்பதை ரோனால்ட் ரோஸ் இந்தியாவில் கண்டறிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. கொசுவை ஒழித்து ஒரு பட்டணத்தையே காப்பாற்ற முடியும் என்று அப்போது பலரும் நம்பவில்லை. வாட்சன் அதற்குப் பணம் கேட்டார். அரசாங்கம் கொடுத்தது. சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டப்பட்டது. பட்டணத்தைச் சுற்றிய காடு அழிக்கப்பட்டது. தண்ணீர் தேங்கிய பள்ளங்கள் மூடப்பட்டன.

1901-ஆம் ஆண்டில் கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். அடுத்த ஆண்டு அந்த எண்ணிக்கை 59 ஆனது. 1905-இல் 45. அரசாங்க ஊழியர்கள் மலேரியாவால் எடுத்த மருத்துவ விடுப்பு 1901-இல் 1,026 நாள்; 1905-இல் 30 நாள்.

இது வடிகாலால்தான் குறைந்ததா, அல்லது அந்தப் பகுதி முழுவதும் நோய் தானாகவே தணிந்ததா என்ற சந்தேகம் எழலாம். அதற்கும் பதில் இருக்கிறது. வேலை எதுவும் நடக்காத சுற்றுவட்டாரத்தில் 1901-இல் காய்ச்சலால் 266 பேர் இறந்தார்கள். 1905-இல் 351 பேர். புதிதாகத் திறக்கப்பட்ட தோட்டங்களுக்கு ஆள் வந்து குவிந்ததும் இந்த உயர்வுக்கு ஒரு காரணம். ஆனாலும் பணம் செலவிட்ட இடத்தில் சாவு இறங்கியது, செலவிடாத இடத்தில் இறங்கவில்லை என்பது தெளிவு.

ஆன செலவு எவ்வளவு? 1905 முடிய கிள்ளானுக்கு ஏறக்குறைய 3,100 பவுண். துறைமுகத்துக்கு 7,000 பவுண். அதன் பிறகு இரண்டு இடங்களையும் பராமரிக்க ஆண்டுக்குச் சில நூறு பவுண் மட்டுமே தேவைப்பட்டது. முதலில் ஒரு பெரிய தொகை, பிறகு விடாமல் ஒரு சிறு தொகை. தொற்றுநோய்த் தடுப்புச் செலவின் இயல்பு இதுதான். அந்தச் சிறு தொகையை நிறுத்தினால் வடிகால் தூர்ந்துபோகும். கொசு திரும்பி வரும். முதலில் போட்ட பெரிய தொகையும் வீணாகும்.

அதே வேலை, எதிர்மாறான பலன்

பணம் செலவிட்டாலே போதுமா என்றால், போதாது. அதையும் மலாயாத் தோட்டங்களே காட்டின.

கிள்ளான் போன்ற தாழ்வான கடலோரப் பகுதியில் மலேரியாவைப் பரப்பியது அனோபிலிஸ் அம்புரோசஸ் என்ற கொசு. அது காட்டு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடும். காட்டை வெட்டி வெயில் படவைத்து, நீரை வடித்தால் அது மறைந்துவிடும். அதனால்தான் கிள்ளானில் வெற்றி கிடைத்தது.

அதே முறையை மலைப்பாங்கான தோட்டங்களில் செய்தபோது நோய் குறையவில்லை. சில இடங்களில் கூடியது. அங்கே இருந்தது அனோபிலிஸ் மக்குலாட்டஸ் என்ற வேறு கொசு. அதற்கு நிழல் வேண்டாம். வெயில் படும் தெளிந்த ஓடைநீரே அதற்குப் பிடித்த இடம். ரப்பர் நடுவதற்காகக் காட்டை வெட்டி ஓடைகளை வெயிலுக்குத் திறந்துவிட்டபோது, அந்தக் கொசுவுக்குத் தோட்ட முதலாளியே இடம் அமைத்துக் கொடுத்ததுபோல் ஆனது.

வாட்சனும் உடனிருந்தவர்களும் இதைப் புரிந்துகொள்ளச் சில ஆண்டுகள் ஆயின. பிறகு மலைத் தோட்டங்களில் ஓடைநீரைப் பூமிக்கடியில் குழாய் வழியாகக் கொண்டுபோகும் முறை வந்தது. குழாய் போட முடியாத இடங்களில் தண்ணீர் மேல் எண்ணெய் தெளிக்கும் ஆட்கள் அமர்த்தப்பட்டார்கள். கொசுப்புழு வளர்ந்து பறப்பதற்கு முன்பே அழிய வேண்டும் என்பதால் அவர்கள் வாரந்தோறும் அதே ஓடைக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது.

எந்தக் கொசு, எங்கே முட்டையிடுகிறது என்று தெரியாமல் செய்த செலவு சாவைக் கூட்டியது. தெரிந்து செய்த செலவு சாவைக் குறைத்தது. சுகாதாரச் செலவில் ஆய்வுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

லயங்களில் இருந்தவர்கள்

இந்த நோய் யாரைக் கொன்றது என்பதை மறந்துவிடக் கூடாது. காட்டை வெட்டி ரப்பர் நட்டவர்களில் பெரும்பாலோர் தமிழ் மாவட்டங்களிலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளர்கள். 1911-ஆம் ஆண்டில், அன்றைய மலாய் கூட்டு மாநிலங்களின் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்களில் ஆயிரத்துக்கு 60 பேருக்கும் மேல் ஒரே ஆண்டில் இறந்தார்கள். நூறு பேர் வாழ்ந்த லயங்களிலிருந்து ஓர் ஆண்டில் ஆறு சவங்கள் வெளியே போயின என்று பொருள். இறந்தவர்களில் பெரும்பாலோர் வேலை செய்யும் வயதில் இருந்தவர்கள். மலேரியாவோடு வயிற்றுக்கடுப்பும் பேதியும் சேர்ந்துகொண்டன. குடிதண்ணீரும் கழிப்பிடமும் சரியில்லாததே அதற்குக் காரணம்.

அதே 1911-இல் மலேரியா ஆலோசனை வாரியம் அமைக்கப்பட்டது. தோட்டங்களில் குடிதண்ணீர், வடிகால், வீடு ஆகியவற்றைச் சோதிக்கும் அதிகாரம் அரசாங்கத்துக்குக் கூடியது. தோட்ட மருத்துவமனை வைப்பதும் சிகிச்சை அளிப்பதும் முதலாளிகளின் கடமையாக்கப்பட்டன. 1920-களிலும் 1930-களிலும் சாவு விகிதம் வெகுவாகக் குறைந்தது.

முதலாளிகள் இதற்கு ஒப்புக்கொண்டது இரக்கத்தால் மட்டுமன்று. ஓர் ஆளைக் கப்பலில் அழைத்துவர ஆன செலவு, அவர் காய்ச்சலில் படுத்த நாள்களில் வெட்டப்படாத பால்மரங்கள், அவர் இறந்தால் இன்னோர் ஆளைத் தேடும் செலவு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தபோது வடிகால் வெட்டுவதே மலிவு என்று தெரிந்தது. வாட்சன் தோட்ட நிர்வாகங்களிடம் எடுத்துவைத்த வாதங்களில் இந்தக் கணக்கும் ஒன்று. உயிருக்காகச் செய்யாததை இலாபத்துக்காகச் செய்தார்கள் என்று இன்று கசப்போடு சொல்லலாம். ஆனால் அந்தக் கணக்கு இன்றும் பொருந்தும். நோய் வந்த பிறகு ஆகும் செலவையும் வருமுன் ஆகும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், பெரும்பாலும் இரண்டாவதே குறைவாக இருக்கும்.

இரண்டரை லட்சத்திலிருந்து பூஜ்யத்துக்கு

சுதந்திரத்துக்குப் பிறகும் மலேரியா போய்விடவில்லை. 1961-இல் இன்றைய மலேசியப் பகுதிகளில் பதிவான மலேரியா நோயாளிகள் ஏறக்குறைய 240,000 பேர். 1967-இல் தீபகற்பத்தில் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. வீட்டுச் சுவர்களில் டிடிடி மருந்து அடித்தார்கள். காய்ச்சல் கண்டவர்களின் விரலில் குத்தி இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். கிருமி இருந்தவர்களைத் தேடிப் போய் மருந்து கொடுத்தார்கள். அந்தக் காலத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குச் சுவரில் படிந்த வெள்ளைத் தூள் நினைவிருக்கும்.

1980-இல் எண்ணிக்கை 44,000 அளவுக்கு இறங்கியது. அதன் பிறகும் திட்டம் கைவிடப்படவில்லை. பெயர் மாறியது, முறைகள் மாறின, மருந்திட்ட கொசுவலைகள் வந்தன. ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியாகப் பின்தொடரும் பழக்கம் தொடர்ந்தது. 2018 முதல் மனிதரிடமிருந்து கொசு வழியாக மனிதருக்குப் பரவும் உள்நாட்டு மலேரியா மலேசியாவில் பதிவாகவில்லை. ஏறக்குறைய அரை நூற்றாண்டு விடாமல் செய்த செலவின் பலன் இது.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 2004-இல் சரவாக்கின் காப்பிட் பகுதியில், மலேசியா சரவாக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் பல்பீர் சிங்கின் குழு, குரங்குகளிடம் காணப்படும் நோலெசி மலேரியா மனிதர்களுக்குப் பெருமளவில் தொற்றியிருப்பதைக் கண்டறிந்தது. நுண்நோக்கியில் பார்க்கும்போது அது வேறு வகை மலேரியாவைப் போலவே தெரியும். மரபணுச் சோதனை செய்ததால்தான் உண்மை வெளிவந்தது. இப்போது நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் இந்தக் குரங்கு மலேரியாவால் பாதிக்கப்படுகிறார்கள். சபாவில்தான் அதிகம். காட்டோரத்தில் வேலை செய்பவர்களே பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். மலேரியா ஒழிந்தது என்று ஆய்வுக்கூடங்களையும் ஊழியர்களையும் குறைத்திருந்தால் இந்த நோய் இருப்பதே தெரியாமல் போயிருக்கும்.

செலவு கூடினால் எண்ணிக்கையும் கூடுவது ஏன்?

சில நேரங்களில் ஒரு நோய்க்குக் கூடுதலாகச் செலவிடத் தொடங்கியதும் நோயாளிகள் எண்ணிக்கை உயர்ந்ததாகச் செய்தி வரும். "இவ்வளவு செலவு செய்தும் நோய் கூடிவிட்டதே" என்று சிலர் குறைபட்டுக்கொள்வார்கள். அவசரப்பட்டு அப்படி முடிவு செய்யக் கூடாது.

முன்பு சோதனை செய்யாத இடங்களில் சோதனை தொடங்கும்போது, ஏற்கெனவே இருந்த நோயாளிகள் பட்டியலுக்கு வருகிறார்கள். நோய் கூடவில்லை, கண்ணுக்குத் தெரிய வந்திருக்கிறது. அதுபோலவே எண்ணிக்கை திடீரென்று குறைந்தால், நோய் குறைந்ததா, அல்லது சோதனை குறைந்ததா என்று பார்க்க வேண்டும். இதைப் பிரித்தறிய சாவு எண்ணிக்கை உதவும். சோதனை கூடி, கண்டறிந்தவர்களும் கூடி, சாவு குறைந்தால் திட்டம் வேலை செய்கிறது என்று பொருள்.

இன்னொன்றும் உண்டு. நோய் அதிகம் உள்ள மாநிலத்துக்குத்தான் அரசாங்கம் அதிகப் பணம் கொடுக்கும். அதனால் வெறும் பட்டியலைப் பார்த்தால், பணம் அதிகம் போன இடத்தில் நோயும் அதிகம் இருப்பதுபோல் தோன்றும். தீயணைப்பு வண்டி நிற்கும் வீட்டில் தீ இருக்கும். அதற்காகத் தீயை வைத்தது வண்டிதான் என்று சொல்ல முடியாது.

காசநோய்: பாதியில் நின்றால்

மலேசியாவில் 1961-இல் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. பிறந்த குழந்தைகளுக்கு பிசிஜி ஊசி போடப்படுகிறது. இருந்தும் அண்மைய ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 25,000 பேருக்குக் காசநோய் கண்டறியப்படுகிறது. ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். டிங்கியால் இறப்பவர்களைவிட இது பல மடங்கு அதிகம். ஆனால் டிங்கி அளவுக்கு இதைப் பற்றிய பேச்சு இல்லை.

காசநோய் குணமாகும் நோய். சாதாரண வகைக்கு ஆறு மாத மருந்து. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் இரண்டு மருந்து. சில வாரங்களிலேயே இருமல் குறைந்து, பசி எடுத்து, உடம்பு தேறும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நன்றாகிவிட்டது என்று நினைத்து மருந்தை நிறுத்துகிறார்கள். கிளினிக் தூரமாக இருக்கிறது. தினமும் போனால் ஒரு நாள் சம்பளம் போகிறது. வேலையிடத்தில் தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்ற பயமும் இருக்கிறது. மருந்தைப் பாதியில் விட்டால், உடம்பில் மிஞ்சிய கிருமி மருந்துக்குக் கட்டுப்படாத வகையாக மாறலாம். அதற்கான சிகிச்சை நீண்டது, கடினமானது, பல மடங்கு விலை கூடியது. அந்தக் கிருமி அடுத்தவருக்குத் தொற்றும்போது, அவருக்கும் சாதாரண மருந்து பயன்படாது.

அதனால்தான் நோயாளி மாத்திரை விழுங்குவதை ஊழியர் நேரில் பார்க்கும் முறை உலகெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. நோயாளியின் வீட்டில் இருப்பவர்களையும் சோதிக்கிறார்கள். இந்த வேலைக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. தாதி, வண்டி, எண்ணெய்க் காசு, தொலைபேசி ஆகியவை போதும். வரவு செலவுத் திட்டத்தில் இவை சில்லறைச் செலவுகள். வெட்டுவதற்கு எளிதானவையும் இவையே.

அவற்றை வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் நியூயார்க். 1970-களில் அந்நகரம் நிதி நெருக்கடியில் சிக்கியது. காசநோய் குறைந்து வந்ததால், அதற்கான பணமும் ஊழியர்களும் குறைக்கப்பட்டனர். 1978-இல் அங்கே ஏறக்குறைய 1,300 பேருக்குக் காசநோய் இருந்தது; 1992-இல் 3,811 பேர். எய்ட்ஸ் பரவியதும் வீடற்றவர்கள் பெருகியதும் நெருப்பில் எண்ணெய் ஊற்றின. ஆனால் மருந்தைத் தொடர வைக்க ஆளில்லாததே மருந்துக்கு அடங்காத கிருமி பரவ வழிவிட்டது. நிலைமையைச் சரிசெய்ய நூறு கோடி டாலருக்கும் மேல் செலவானது. ஊழியர்களைத் திரும்ப அமர்த்தி, மாத்திரை சாப்பிடுவதை நேரில் பார்க்கும் முறையை விரிவாக்கிய பிறகுதான் எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. பணக்கார நாட்டின் பணக்கார நகரத்துக்கே இந்த நிலை.

டிங்கி: வந்த பிறகு அடிக்கும் புகை

டிங்கி இன்னொரு பாடம் சொல்கிறது. 2010-இல் மலேசியா டிங்கிக் கொசுக் கட்டுப்பாட்டுக்குச் செலவிட்டது ஏறக்குறைய 73.5 மில்லியன் அமெரிக்க டாலர் என ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த ஆண்டு பதிவான நோயாளிகள் 46,171 பேர். 2015-இல் அது 120,836 ஆகி, 336 பேர் இறந்தார்கள். 2019-இல் 130,101 பேர். 182 பேர் இறந்தார்கள். 2023-இல் 123,133 பேர். சரியாக 100 பேர் இறந்தார்கள்.

செலவு செய்தும் ஏன் குறையவில்லை? டிங்கிக் கிருமியில் நான்கு வகை உண்டு. ஒரு வகை ஓய்ந்து இன்னொரு வகை தலைதூக்கும்போது நோய் பெருகும். மழையும் வெப்பமும் கொசுவுக்கு உதவுகின்றன. பட்டணங்களில் மக்கள் நெருக்கமாக வாழ்கிறார்கள். இவற்றோடு, பணம் எந்த நேரத்தில் செலவாகிறது என்பதும் முக்கியம். தாமானில் ஒருவருக்கு டிங்கி வந்த பிறகு புகை அடிக்க வருகிறார்கள். புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். வாளியிலும் பூச்சட்டித் தட்டிலும் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. சில நாளில் அதிலிருந்து புதிய கொசுக்கள் கிளம்பிவிடும். ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த பாத்திரத்தில் மாதக்கணக்கில் ஒட்டியிருந்து, தண்ணீர் பட்டதும் பொரியும்.

மலைத் தோட்டத்தில் வாரந்தோறும் எண்ணெய் தெளித்த ஆள் செய்ததும், இன்று வாரந்தோறும் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கச் சொல்வதும் ஒரே காரணத்தால்தான். கொசு பறப்பதற்கு முன்பு அதை நிறுத்த வேண்டும். ஆனால் ஏடிஸ் காட்டோடையில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. எந்த அரசாங்கமும் ஒவ்வொரு வீட்டுக்கும் வாரம் ஓர் ஆளை அனுப்ப முடியாது. வீட்டுக்காரர் செய்ய வேண்டியதை வீட்டுக்காரரும், அடைத்த பொதுக்கால்வாய், அள்ளாத குப்பை, கைவிட்ட கட்டுமான இடம் ஆகியவற்றை நகராண்மைக் கழகமும் செய்தால்தான் பலன் கிடைக்கும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் செலவு வீண்.

டிங்கிக் கிருமியைப் பரவவிடாமல் தடுக்கும் வோல்பாக்கியா என்ற நுண்ணுயிரை ஏடிஸ் கொசுக்களில் ஏற்றிப் பறக்கவிடும் திட்டம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நடக்கிறது. நோய் வருமுன் செலவிடும் வகையைச் சேர்ந்தது இது. இதையும் தொடர்ந்து செய்தால்தான் பலன் நிலைக்கும்.

ஊசி இருந்தும் போய்ச் சேராவிட்டால்

மலேசியாவில் 1992-க்குப் பிறகு போலியோ இல்லை. 2000-இல் போலியோ இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது. 27 ஆண்டுகள் கழித்து, 2019 டிசம்பரில் சபாவில் மூன்று மாதக் குழந்தை ஒன்றுக்குப் போலியோ கண்டது. இந்த ஊசி மலேசியக் குழந்தைகளுக்கு இலவசம். ஆனால் அடையாள ஆவணம் இல்லாதவர்களும் ஒதுக்குப்புறத்தில் வாழ்பவர்களும் கிளினிக் வருவது குறைவு. ஊசி வாங்கப் பணம் இருந்தது. அதைக் கடைசி வீடுவரை கொண்டுசேர்க்கும் வேலையில்தான் ஓட்டை இருந்தது. அந்த ஓட்டையை அடைக்க, சபாவில் இலட்சக்கணக்கான குழந்தைகளுக்கு மீண்டும் சொட்டு மருந்து கொடுக்க வேண்டியிருந்தது.

கிருமி கடப்பிதழ் பார்ப்பதில்லை. அந்நியத் தொழிலாளர் நோயோடு தங்குவிடுதியில் மறைந்திருந்தால், அதே தொழிற்சாலையில் வேலை செய்யும் உள்ளூர்க்காரருக்கும் ஆபத்து. அதனால்தான் வீடமைப்பும் சுகாதாரச் செலவில் சேர்கிறது. தோட்டங்களுக்காக 1990-இல் வந்த குறைந்தபட்ச வீடமைப்பு வசதிச் சட்டம், அதாவது 446-ஆவது சட்டம், 2019-இல் திருத்தப்பட்டு 2020 ஜூன் முதல் மற்றத் துறைகளுக்கும் விரிந்தது. கோவிட் காலத்தில் நெரிசலான விடுதிகளில் தொற்று எப்படிப் பரவியது என்பதை நாடே பார்த்தது.

யார் செலவிடுவது?

தோட்டத்தில் இருந்தவரை தண்ணீர், வடிகால், டிரெசர் எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு. நல்ல தோட்டமும் உண்டு, மோசமான தோட்டமும் உண்டு. ஆனால் யாரைக் கேட்பது என்பது தெரிந்திருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது, பல குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போயின. இன்று அங்கே தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது யார், கூரையில் தேங்கும் நீரை வடிப்பது யார் என்பதில் நிர்வாகக் குழுவுக்கும் நகராண்மைக் கழகத்துக்கும் இடையே இழுபறி நடக்கிறது. எஞ்சியிருக்கும் தோட்டங்களிலோ, நிலம் தனியாருடையது என்பதால் நகராண்மைக் கழகச் சேவை எளிதில் உள்ளே வருவதில்லை. இந்த இடைவெளியில்தான் கொசுவும் எலியும் பெருகுகின்றன.

2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கை, அரசாங்கச் சுகாதாரச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காட்டுக்கு உயர்த்த வேண்டும் என்கிறது. நோய்க்குச் சிகிச்சை அளிப்பதைவிட நோயைத் தடுப்பதற்கு முதலிடம் தர வேண்டும் என்றும் சொல்கிறது. தொகை உயர்வது நல்லது. அதில் எவ்வளவு தடுப்புக்குப் போகிறது, நோய் குறைந்த ஆண்டிலும் அது தொடருமா என்பதை மக்கள் கவனிக்க வேண்டும். தடுப்புப் பணியின் சங்கடம் இதுதான்: அது நன்றாக நடந்தால் எதுவும் நடக்காது. எதுவும் நடக்காத இடத்தில் எதற்குச் செலவு என்று கேட்பது எளிது.

குடும்பங்களும் சங்கங்களும் செய்யக்கூடியவை

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, காரணமில்லாமல் எடை குறைதல் ஆகியவை இருந்தால் அரசாங்கக் கிளினிக்கில் சளிச் சோதனை செய்துகொள்ள வேண்டும். காசநோய் என்று தெரிந்தால் ஆறு மாத மருந்தை முடிக்க வேண்டும். வீட்டில் உள்ளவர்களும் சோதனைக்குப் போக வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை, காற்றில் பரவும் நோய் யாருக்கும் வரும்.

டிங்கி என்று சந்தேகம் எழுந்தால் மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். காய்ச்சல் விட்ட பிறகும் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான நேரம்.

வாரம் ஒரு நாள் பத்து நிமிடம் ஒதுக்கி வாளி, பூச்சட்டித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, சாமி மேடையில் வைத்த பூக்குவளை ஆகியவற்றில் தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். தேய்க்காமல் கொட்டினால் முட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். கொசுப்புழு கண்டால் அபராதம் உண்டு.

ஆலய நிர்வாகங்களும் குடியிருப்போர் சங்கங்களும் கோத்தோங் ரோயோங் நடத்துவதோடு நின்றுவிடாமல், கேள்வியும் கேட்கலாம். இந்தப் பகுதியில் கால்வாய் எத்தனை நாளுக்கு ஒரு முறை துப்புரவு செய்யப்படுகிறது? கிளினிக்கில் காசநோயாளிகளைப் பின்தொடர எத்தனை தாதியர் இருக்கிறார்கள்? பக்கத்துத் தோட்டத்துக்குத் தடுப்பூசிக் குழு கடைசியாக எப்போது போனது? நகராண்மைக் கழக உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், மாவட்ட சுகாதார அலுவலகம் ஆகியோரிடம் இவற்றை எழுத்து வடிவில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்தால், அடுத்த ஆண்டு அந்த வேலை நடந்ததா என்று சரிபார்க்க முடியும்.